இல்ல மொழியா, ஆங்கிலமா? தமிழக முஸ்லிம்களின் பயிற்றுமொழி: ஒரு வரலாற்று நோக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செய்யாற்றை ஒட்டி அமைந்த ஊர் பெருநகர். குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லிலே பொறித்து வைத்த உத்திரமேரூரின் வட்டத்துள் அடங்கியது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), சபை உறுப்பினராக வருவோர் வேதப் பயிற்சி உடையவராக இருத்தல் வேண்டுமென விதிக்கின்றன. வேதத்தின் மொழி வடமொழி. ஆயினும் அவ்விதி எழுதப்பட்டது தமிழில். கற்றோர் பயிலும் மொழி ஒன்றாகவும், ஊரார் அறிந்துகொள்ளும் மொழி பிறிதொன்றாகவும் இருக்கலாம் என்பதை இம்மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

இன்று அதே வட்டாரத்துச் சிற்றூர்களில், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் பருவத்தில், ஒரு வினா வீடுதோறும் எழுகிறது. பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பதா, ஆங்கிலவழியில் சேர்ப்பதா? 2012–13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டமையால், கட்டணம் செலுத்த இயலாத பெற்றோரும் இத்தெரிவைச் செய்ய வேண்டியவர்களாகின்றனர். முஸ்லிம் இல்லங்களில் இவ்வினா மேலும் சிக்கலாகிறது. சில வீடுகளில் பேச்சுமொழி தமிழ். சில வீடுகளில் உருது. மக்தபில் அரபு எழுத்து, தெருவிலும் சந்தையிலும் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஐந்து வயதுக் குழந்தையின் முன் மூன்று அல்லது நான்கு மொழிகள் வந்து நிற்கின்றன.

இவ்வினா நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் எழுந்து வந்திருக்கிறது. அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல், இன்றைய பெற்றோர் தெளிவு பெற உதவும் என நம்புகிறோம்.

திண்ணைப் பள்ளிகளின் காலம்

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாகாணமெங்கும் கல்விக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்த ஆணையிட்டார். அதன் முடிவுகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிகள் இருந்தன. மாணவர் தொகை 1,88,650. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவரது கணிப்பு. ஆட்சியர்கள் நிரப்பிய படிவத்தில் முஸ்லிம் மாணவர்க்கெனத் தனிக் கட்டமும் இருந்தது. ஊர்த் திண்ணைகளில் பிற சமயத்தாரின் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் அமர்ந்து அவ்வப்பகுதி மொழியில் பயின்றனர் என்பதற்கு அக்கட்டமே சான்று.

எனினும் அக்கல்வியைப் பொற்காலமென்று போற்றுவது பொருந்தாது. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இங்குக் கருதத்தக்கது. மாணவர் மனப்பாடம் செய்யும் நூல்கள் பேச்சுமொழியினின்றும் வெகுவாக வேறுபட்ட செய்யுள் நடையில் இருந்தன என்றும், பொருளறியாமலேயே அவை ஒப்பிக்கப்பட்டன என்றும் அவர் குறை கூறினார். மொழி தம்முடையதாக இருந்தும் கல்வி புரிதலாக மலரவில்லை என்பது இதன் கருத்து. 'தாய்மொழி' என்ற பெயர் மட்டுமே நற்கல்விக்குப் போதாது என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தின் வரவு

1835 பிப்ரவரியில் மெக்காலே தம் குறிப்பை அளித்தார். அடுத்த மாதமே பெண்டிங் பிரபு, அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே செலவிடப்படும் எனத் தீர்மானித்தார். கல்கத்தாவின் மதரஸாவை மூடிவிடக் கருதும் செய்தி பரவியபோது, அந்நகரத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 8,000 பேர் கையெழுத்திட்டு எதிர்ப்பு மனு அளித்தனர். 1837இல் நீதிமன்றங்களில் பாரசீகமொழியின் இடம் நீக்கப்பட்டது. பாரசீகம் கற்று அரசுப்பணி பெற்றுவந்த குடும்பங்கள் ஒரே தலைமுறையில் வாழ்வாதாரத்தை இழந்தன. ஆங்கிலத்தின்பால் அன்று தோன்றிய மனக்கசப்புக்கு இவ்விழப்பும் காரணம். மார்க்கப் பற்று ஒன்றையே காரணமாகக் கூறுவது முழு உண்மையாகாது.

சென்னையிலோ நிலைமை வேறாக இருந்தது. 1839இல் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவொன்று, ஆங்கில உயர்கல்வி வேண்டுமென ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. அதன் பயனாக 1841இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டுமென்னும் பெற்றோரின் வேட்கை நேற்று முளைத்ததன்று. அவ்வேட்கையைப் பேதைமை என்று ஒதுக்குவோர், பதவியும் வாணிபமும் எந்த மொழியின் வாயிலாக வருகின்றன என்பதை மறந்தவராவர். 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை, உயர்கல்விக்கு ஆங்கிலமும் பொதுமக்கள் கல்விக்கு வட்டார மொழிகளும் என ஒரு பங்கீட்டைச் செய்தது. அப்பங்கீட்டின் நிழல் இன்றுவரை நீடிக்கிறது.

நமக்காகப் பிறர் தெரிந்தெடுத்த மொழி

தமிழக முஸ்லிம்களைப் பொறுத்தவரை, பயிற்றுமொழி வரலாற்றின் திருப்புமுனை 1871ஆம் ஆண்டாகும். முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதைச் சுட்டி, மேயோ பிரபுவின் அரசு அவ்வாண்டு ஆகஸ்டில் தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து சென்னை அரசு, முஸ்லிம்கள் மிகுந்த ஊர்களில் இந்துஸ்தானி மொழிவழித் தொடக்கப் பள்ளிகளை ஏற்படுத்த முற்பட்டது. நோக்கம் நன்று. ஆனால் இம்மாகாணத்து முஸ்லிம்களில் பெருந்தொகையினரான மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் முதலியோரின் இல்ல மொழி தமிழ். மாப்பிள்ளைமாரின் மொழி மலையாளம். 'முஸ்லிம்' என்றால் 'இந்துஸ்தானி பேசுபவர்' என்னும் வட நாட்டுக் கணிப்பு, தென்னாட்டின் மேல் ஏற்றப்பட்டது.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழுவும் முஸ்லிம்களின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியே முதன்மைப் பயிற்றுமொழியாதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் அவ்வூர் முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் அதற்கு இடமளிக்கலாம் என ஒரு விலக்கையும் சேர்த்தது. அவ்விலக்கில்தான் தமிழ் முஸ்லிமின் வாழ்வு அடங்கியிருந்தது. எந்த மொழியில் ஒரு குழந்தை கேள்வி கேட்கும் என்பதை அறியாமல், எந்தச் சமூகத்தில் அது பிறந்தது என்பதை மட்டும் பார்த்து மொழியை வகுத்ததன் விளைவு இது. உருதுவை இல்ல மொழியாகக் கொண்ட ஆர்க்காடு, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதி மக்களுக்கு அப்பள்ளிகள் பெரும்பேறாயின என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஒரே ஏற்பாடு ஒரு சாராருக்கு வாயிலாகவும் மறு சாராருக்குச் சுவராகவும் அமைந்தது.

1937–40ஆம் ஆண்டுகளில் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, திருச்சி பி. கலிபுல்லா சாகிப் சட்டமன்றத்தில் தாம் ஒரு ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதில் தமக்குப் பெருமையே என்றும் எடுத்துரைத்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் வைத்திருந்த தவறான கணிப்புக்கு அது ஒரு மறுமொழியாகவும் அமைந்தது.

மதரஸாக்களின் பட்டறிவு

பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசும் நாம், நம் மதரஸாக்களின் அனுபவத்தையும் எடைபோட வேண்டும். தமிழகத்து முன்னோர், மார்க்கக் கல்வியை மக்களிடம் சேர்க்க அரபுத்தமிழைக் கையாண்டனர். அரபு எழுத்துகளுடன், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனக் குறியிட்ட எழுத்துகளைச் சேர்த்து அம்முறையை அமைத்தனர். மக்தபில் குர்ஆன் ஓதக் கற்ற எவரும், தனியே பள்ளி செல்லாமலே, தம் வீட்டுமொழியில் நூல் படிக்க முடிந்தது. பெண்களுக்கு இது செய்த நன்மை அளப்பரியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற ஃபிக்ஹு நூல்கள் அவ்வழியே இல்லங்களுக்குள் நுழைந்தன.

வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் முதலிய உயர் கலாசாலைகளிலோ நெடுங்காலம் அரபு நூல்களுக்கு விளக்கம் உருதுவில் நிகழ்ந்தது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த தமிழ் மாணவர், அரபைப் புரிந்துகொள்ள முதலில் உருதுவைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் வட இந்தியப் பேரறிஞர்களின் நூலகம் முழுதும் அவர்களுக்குத் திறந்தது, இது பேறு. ஆனால் கற்றதை ஊர் திரும்பித் தமிழில் எடுத்துரைக்கையில் பலருக்கு நா எழவில்லை, இது இழப்பு. அக்கலாசாலையின் பட்டதாரியான ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (1876–1955) பல்லாண்டு உழைத்துத் திருக்குர்ஆனைத் தமிழில் தந்ததன் அருமை, இப்பின்னணியில்தான் முழுமையாக விளங்கும். மூன்று மொழி கற்றும், முடிவில் இல்ல மொழிக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

திருக்குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயம், ஒவ்வொரு தூதரும் தெளிவுபடுத்தும் பொருட்டுத் தம் மக்களின் மொழியுடனேயே அனுப்பப்பட்டதை எடுத்துரைக்கிறது. அதே வேளையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், கடிதப் போக்குவரத்தின் தேவைக்காக ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததாகத் திர்மிதீயின் அறிவிப்பு கூறுகிறது. தெளிவுக்குத் தம் மொழி, தேவைக்குப் பிறர் மொழி என இரண்டுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு. ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிடுமாறு கூறப்படவில்லை.

இலங்கை தரும் பாடம்

இவ்வினாவை நம்மினும் வெளிப்படையாக எதிர்கொண்டவர்கள் இலங்கை முஸ்லிம்கள். கண்டியில் பிறந்த வழக்கறிஞர் மு.கா. சித்திலெப்பை (1838–1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தமிழில் தொடங்கினார். ஆங்கிலம் கல்லாமையால் சமுதாயம் பின்தங்குவதை இடைவிடாது எடுத்துக்காட்டினார். கிறித்தவ மிஷன் பள்ளிகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தோருக்கு மாற்று வழியாக, 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றிய ஸாஹிராவுக்கு வித்திட்டார். ஆங்கிலத்திற்காக வாதாடிய அவரே, குழந்தைகளுக்கான பாடநூல்களைத் தமிழிலும் அரபிலும் எழுதினார். ஆங்கிலத்தின் தேவையைத் தமிழில் எடுத்துரைத்த அவர், இரண்டுக்கும் இடையே பகை காணவில்லை.

1945இல் அங்கு இலவசக் கல்வி வந்தது. தொடர்ந்து தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக நடைமுறையானபோது, சிங்களர்க்குச் சிங்களமும் தமிழர்க்குத் தமிழும் என்றாயின. முஸ்லிம்களுக்கோ தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை தரப்பட்டது. 1948 முதல் 1961 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ், தமிழே இலங்கை முஸ்லிம்களின் இல்ல மொழி என்பதை வலியுறுத்தி, அதன் வழியாகவே கல்வி அமைதல் நலமென வாதிட்டார். ஆங்கிலத்தில் பெரும்புலமை பெற்று, சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர். ஆங்கிலம் அறியாதவரின் ஆற்றாமையென அவரது வாதத்தை எவரும் ஒதுக்க இயலாது. பின்னாளில் தென்பகுதி முஸ்லிம்களில் பலர் சிங்களவழியைத் தெரிந்தனர். வேலைவாய்ப்பும் அயலார் உறவும் அவர்க்குக் காரணங்களாயின. தெரிவு கிடைத்த சமுதாயம் ஒரே விடையைத் தரவில்லை. வாழும் சூழலுக்கேற்பப் பல விடைகளைத் தந்தது.

சட்டமும் தெரிவும்

தமிழகத்தில் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ் அல்லது தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்க 1999 நவம்பரில் அரசாணை பிறந்தது. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. கருநாடக மாநில வழக்கில் 2014 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தொடக்கக் கல்வியில் தாய்மொழியை அரசு திணிக்க இயலாது என்றும், குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும் தீர்ப்பளித்தது. மறுபுறம், தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப்பணி நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டுமென அது 2020இல் திருத்தப்பட்டது. முதல் வகுப்பில் பெற்றோர் இடும் ஒரு கையொப்பம், இருபது ஆண்டுகளுக்குப் பின் பிள்ளையின் வேலைவாய்ப்பையும் தொடுகிறது என்பதைப் பலர் அறிந்திலர்.

ஆக, தெரிவு இன்று முழுமையாகப் பெற்றோரின் கையில் இருக்கிறது. 1871இல் அரசு நமக்காக முடிவு செய்தது எனக் குறைகூறும் நாம், இன்று அயல்வீட்டைப் பார்த்து முடிவு செய்வோமாயின், அது தெரிவாகுமா?

பெற்றோரின் முன்

ஆங்கிலத்தைக் கற்றல் வேறு. ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்றல் வேறு. முன்னது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். பின்னது, வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்காத சிற்றூர்ப் பிள்ளைக்குத் தொடக்க வகுப்புகளிலேயே நலம் தருமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலவழிப் பிரிவு என்று பெயர்ப்பலகை இருந்தும், போதிய ஆசிரியரின்றி இரு பிரிவினரும் ஒரே வகுப்பில் அமரும் பள்ளிகள் உண்டு. அங்கே புத்தகம் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் விடை மனப்பாடத்திலும் நிகழ்கின்றன. கேம்பெல் 1823இல் கண்ட குறை வேறு உடையில் திரும்பி வருகிறது.

அரபுக் கல்லூரிகளில் சேர வருகின்ற மாணவரிடம் இதன் விளைவை நாம் காண்கிறோம். பத்தாம் வகுப்பை ஆங்கிலவழியில் தேறியவருள் சிலர், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத இயலாதவராகவும், தமிழில் ஒரு பக்கம் பிழையின்றிப் படிக்க இயலாதவராகவும் உள்ளனர். ஐந்து நூற்றாண்டுத் தமிழ் இஸ்லாமிய இலக்கியம் அவர்க்கு மூடிய பெட்டி. அரபு இலக்கணத்தின் எழுவாயும் பயனிலையும் விளக்க, அவர்கள் நன்கறிந்த இலக்கணம் எம்மொழியிலும் இல்லை. ஒரு மொழியில் ஆழமாகக் கால் ஊன்றிய மாணவரோ அரபையும் ஆங்கிலத்தையும் விரைந்து பற்றிக்கொள்கிறார்.

எனவே, பெருநகர் போன்ற ஊர்களின் பெற்றோர்க்கும் ஜமாஅத்தார்க்கும் நாம் முன்வைப்பது இது. தொடக்க வகுப்புகளில் பிள்ளை எம்மொழியில் கேள்வி கேட்குமோ அம்மொழியில் பாடம் நிகழட்டும். தமிழ் பேசும் வீட்டுக்கு அது தமிழ். உருது பேசும் வீட்டுக்கு அது உருது. அருகில் உருதுப் பள்ளி இல்லாதவிடத்து, தெருவில் பழகிய தமிழ் அடுத்த நிலையில் உதவும். உருது எழுத்தை மக்தபில் கற்பிக்கலாம். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, அதனை நன்கு பேசத் தெரிந்த ஆசிரியரைக் கொண்டு, முதல் வகுப்பிலிருந்தே கற்பிக்கட்டும். இதற்கு ஜமாஅத்தின் பணம் செலவாவது தகும். ஆங்கிலவழியையே தெரிந்தெடுத்த பெற்றோர், மக்தபில் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பையும் சேர்க்குமாறு உஸ்தாதைக் கேட்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் எளிய அளவுகோல் உண்டு. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், அன்று படித்த பாடத்தை வீட்டுமொழியில் சொல்லுமாறு கேளுங்கள். சொல்ல முடிந்தால், எவ்வழியில் பயின்றாலும் கல்வி நிகழ்கிறது. சொல்ல முடியாவிடில், எவ்வழியாயினும் அந்தப் பள்ளியின் ஆசிரியரைச் சந்தித்துப் பேச வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள்.