கைவினைச் சந்தையில் பேரம் பேசுறீங்களா? லம்பாடி எம்பிராய்டரிக்கு ஏன் அந்த விலை?

கண்ணாடி பதிச்ச கைப்பையைப் பார்த்ததும் "இவ்ளோ விலையா?"னு கேட்டிருக்கீங்களா? காரணம் இதுதான்.

எங்கிருந்து வருது?
தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி மலைக்கிராமங்களில் இருந்து. லம்பாடிப் பெண்கள் தங்கள் பாவாடை, ரவிக்கையில் போட்ட தையல் இது. உடை மாறியதும் இளையவர்கள் இதை மறந்தே போனார்கள்.

மீண்டது எப்படி?
அங்கு மருத்துவ சேவை செய்யும் டாக்டர் லலிதா ரெஜி ஊக்கம் தர, மூத்த பெண்கள் கற்றுக்கொடுத்தனர். 'போர்கை' கைவினைஞர் சங்கம் உருவானது. லம்பாடி மொழியில் 'பெருமை' என்று பொருள்.

ஸ்டால் போட என்ன வேணும்?
காந்தி சில்ப் பஜார் போன்ற மத்திய அரசுச் சந்தைகளுக்கு, கைவினைஞருக்கான 'பெஹ்சான்' அடையாள அட்டை.

பேரம் பேசினா என்ன?
துணி, நூல் விலை குறையாது. குறையுறது தைச்சவங்க கூலிதான்.