ராணி குடிச்சாங்களா? ஒற்றைத் தலைவலி, கஞ்சா, சிபிடி: ஒரு விளம்பரத்தின் வரலாறு

இந்த எபிசோட் போன வாரமே வந்திருக்கணும். வரல. அதுக்குக் காரணம் இன்னைக்குப் பேசப்போற விஷயமேதான்.

எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கு. பதினேழு வயசுலேர்ந்து. முதல்ல இடது கண்ணோட ஓரத்துல ஒரு வெளிச்சக் கோடு நெளியும். அடுத்த அரைமணி நேரத்துக்குள்ள மாத்திரையைப் போட்டு, லைட்டை அணைச்சுப் படுக்கணும். தவறினா அந்த நாள் போச்சு. இது இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். இல்லாதவங்களுக்கு விளக்கினாலும் புரியாது. "ஒரு காபி குடி, சரியாயிடும்"னு சொல்வாங்க.

போன மாசம் ஒரு நண்பன் விளம்பரம் ஒண்ணு ஃபார்வர்ட் பண்ணினான். சின்ன பாட்டில், நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு, சிபிடி ஆயில். கீழே மூணு வரி. விக்டோரியா மகாராணி பயன்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு டாக்டர்கள் ஒற்றைத் தலைவலிக்குப் பரிந்துரைத்தது. நூற்றாண்டுகளின் அனுபவம் கொண்டது. விலை என்னோட ரெண்டு மாச மாத்திரைச் செலவு.

வலி இருக்கிறவனுக்கு நம்பிக்கை சீக்கிரம் வந்துடும். கார்ட்ல போட்டும் விட்டேன். ஆனா, வரலாறு பேசி பாட்காஸ்ட் நடத்துற ஆள் நான். விளம்பரம் வரலாற்றைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணாம விட முடியுமா? அந்த விசாரணைதான் இன்னைக்கு எபிசோட்.

கல்கத்தாவில் ஒரு அயர்லாந்துக்காரர்

கதை தொடங்குறது லண்டன்ல இல்ல, கல்கத்தாவுல. 1835-இல் அங்கே மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் வில்லியம் புரூக் ஓஷானசி. அயர்லாந்தின் லிமரிக் ஊர்க்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர், அப்போ முப்பது வயசுகூட ஆகல.

நம்ம ஊர்ல கஞ்சா அப்போ ரகசியம் இல்ல. கடையில விற்பாங்க, வைத்தியர்கள் மருந்துல சேர்ப்பாங்க. ஓஷானசி பண்டிதர்கள்கிட்டயும் ஹக்கீம்கள்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். முதல்ல மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் சாராயத்துல ஊறவெச்சுச் சாரம் எடுத்து, வாதநோய், காலரா, டெட்டனஸ், வெறிநாய்க்கடி நோயாளிகளுக்குக் கொடுத்தார். வெறிநாய்க்கடி நோயாளியைக் காப்பாத்த முடியல. ஆனா அந்த மனுஷனோட கடைசி நாட்கள்ல வேதனை குறைஞ்சதுன்னு எழுதினார். டெட்டனஸ்ல தசை இறுக்கம் தளர்ந்ததையும் பதிவு பண்ணினார். 1839-இல் இதெல்லாம் கட்டுரையா வெளிவந்துச்சு.

1840-களின் தொடக்கத்துல விடுமுறைக்கு இங்கிலாந்து போனப்போ கஞ்சாவையும் கொண்டுபோனார். லண்டன் மருந்துக்கடைக்காரர் பீட்டர் ஸ்கொயர் அதைச் சாறாக்கி விற்க ஆரம்பிச்சார். ஐரோப்பிய மருத்துவத்துக்குள்ள நம்ம ஊர்ச் செடி நுழைஞ்சது இப்படித்தான். ஓஷானசி பிறகு மருத்துவத்தை விட்டுட்டு இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுக்கப் போயிட்டார். 1856-இல் அவருக்கு சர் பட்டம் கிடைச்சது தந்திக்காகத்தான், கஞ்சாவுக்காக இல்ல.

டாக்டர்கள் சொன்னது நிஜம்

அடுத்த அம்பது வருஷத்துல இந்த மருந்து ஒற்றைத் தலைவலிப் பக்கம் வந்துச்சு. விளம்பரத்தோட ரெண்டாவது வரியை இங்கே ஒத்துக்கணும். அது பொய் இல்ல.

1888-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் எழுதிய பாடநூல்ல ஒற்றைத் தலைவலிக்கு இந்தியக் கஞ்சாவைச் சொல்றார். 1892-இல் வில்லியம் ஆஸ்லர் எழுதின பாடநூலை அந்தக் காலத்து மருத்துவ மாணவர்களோட பைபிள்னே சொல்லலாம். அதுல, ஒற்றைத் தலைவலிக்கு இருக்கிற மருந்துகள்ல அநேகமா இதுதான் திருப்தியானதுன்னு எழுதியிருக்கார். இவங்க யாரும் ஓரத்து ஆட்கள் இல்ல, அந்தத் துறையோட பெரிய தலைகள்.

அவங்க இதை வலி வந்த பிறகு போடுற மாத்திரை மாதிரி மட்டும் பார்க்கல. தினமும் சின்ன அளவுல, மாசக்கணக்குல கொடுத்து, வலி வர்றதையே குறைக்கப் பார்த்தாங்க. இன்னைக்கு நரம்பியல் டாக்டர் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுக்கிறாரே, அதே யோசனை.

சரி, ராணி? இங்கேதான் சாட்சி தடுமாறுது. இந்தக் கதையில வர்ற டாக்டர் ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ். முப்பது வருஷத்துக்கு மேல கஞ்சாச் சாறு கொடுத்த அனுபவத்தை 1890-இல் லான்செட் இதழ்ல எழுதினார். அவர் அரச இல்லத்து மருத்துவர்ங்கிறதும் உண்மை. இந்த ரெண்டையும் ஒட்டி, ராணிக்கு மாதவிடாய் வலிக்கு அவர் கஞ்சா கொடுத்தார்னு யாரோ கதை கட்டிட்டாங்க. ராணிக்குக் கொடுத்ததா அந்தக் கட்டுரையில ஒரு வரிகூட இல்ல. அதோட, ரெனால்ட்ஸுக்கு அந்தப் பதவி கிடைச்சது 1878-இல். விக்டோரியா பிறந்தது 1819. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க: அம்பத்தொன்பது வயசு. அந்த வயசுல மாதவிடாய் வலிக்கு மருந்தா?

முதல் வரி போச்சு.

அந்த பாட்டில்ல இருந்தது என்ன?

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். கவர்ஸும் ஆஸ்லரும் கொடுத்த மருந்தும் என் கார்ட்ல இருக்கிற ஆயிலும் ஒண்ணா?

அந்தக் காலத்துக் கஞ்சாவுல பெரும்பங்கு வங்காளத்தின் ராஜ்ஷாஹி பக்கம், நவ்காவ் வட்டாரத்துல விளைஞ்சது. இன்னைக்கு அது பங்களாதேஷ். அரசு லைசென்ஸ் வாங்கித்தான் பயிர் வைக்க முடியும். செடி பூக்குற சமயத்துல, ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கி எறியறதுக்குன்னே ஒரு ஆள் வருவார். கஞ்சா வைத்தியர்னே அவரைச் சொல்வாங்க. ஆண் செடி போயிட்டா பெண் பூவுல விதை பிடிக்காது, பிசின் கூடும். போதை அந்தப் பிசின்லதான். அதாவது டிஎச்சிங்கிற சேர்மம்.

சிபிடி அதே செடியில இருக்கிற வேற சேர்மம். அது போதை தராது. அதைத் தனியாப் பிரிச்சது 1940-இல், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துல, ரோஜர் ஆடம்ஸ் குழு. அதோட சரியான வடிவத்தை 1963-இல் கண்டுபிடிச்சவர் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்துல இருந்த ரஃபேல் மெஷூலம். ஆராய்ச்சிக்காகப் போலீஸ்கிட்ட இருந்து அஞ்சு கிலோ ஹஷீஷ் வாங்கி, பஸ்ல மடியில வெச்சுக் கொண்டுவந்த மனுஷன்! அடுத்த வருஷம் டிஎச்சியையும் பிரிச்சு, அதோட வடிவத்தையும் கண்டுபிடிச்சாங்க. 1992-இல் நம்ம மூளையே இதுமாதிரி ஒரு பொருளைச் சுரக்குதுன்னு அவரோட குழு கண்டுபிடிச்சப்போ, அதுக்கு வெச்ச பேர் அனந்தமைடு. ஆமா, நம்ம "ஆனந்தம்"தான்.

ஆக, ஆஸ்லர் 1892-இல் புகழ்ந்தது பிசின் நிறைஞ்ச முழுக் கஞ்சாச் சாறு. டிஎச்சியைத் தள்ளி வெச்சுட்டு சிபிடியை மட்டும் பிரிச்சு விற்கிற பாட்டிலுக்கு அவர் பேரைச் சாட்சியாப் போடுறது எப்படின்னா, தாத்தா வாங்கின மெடலைப் பேரன் சட்டையில குத்திக்கிற மாதிரி. குடும்பம் ஒண்ணுதான், ஆனா மெடல் வேற ஆளோடது.

ஏன் மறைஞ்சது?

"அவ்வளவு நல்ல மருந்தைத் தடை பண்ணிட்டாங்க, சதி"ன்னு ஒரு கதை சுத்துது. பாதி உண்மை.

கஞ்சா கேடானதான்னு பிரிட்டிஷ் அரசே 1893-இல் ஒரு ஆணையம் போட்டுச்சு. 1,193 சாட்சிகள். மெட்ராஸ் மாகாணத்துச் சாட்சியங்களும் அதுல இருக்கு. 1894-இல் வந்த அறிக்கை, அளவான பயன்பாட்டால பெரிய கேடு இல்ல, தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும்னு சொல்லுச்சு. 1937-இல் அமெரிக்கா மரிஜுவானா வரிச் சட்டம் கொண்டுவந்தப்போ, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்புல வில்லியம் உட்வர்ட் எதிர்த்துச் சாட்சி சொன்னார். கேட்கல. 1942-இல் அமெரிக்க மருந்து நூல்லேர்ந்தே கஞ்சாவைத் தூக்கிட்டாங்க.

ஆனா பிரிட்டிஷ் மருந்து நூல் 1932-லயே அதைக் கைவிட்டுடுச்சு. காரணம் மருந்துக்கடையிலேயே இருந்துச்சு. ஒரு பாட்டில் மாதிரி இன்னொரு பாட்டில் இருக்காது. கப்பல்ல வர்றதுக்குள்ள வீரியம் குறையும். ஒரே அளவு சொட்டு, ஒருத்தருக்கு ஒண்ணுமே பண்ணாது, இன்னொருத்தருக்குத் தலைகால் புரியாம ஆக்கிடும். ரெனால்ட்ஸே, மிகக் குறைந்த அளவுல தொடங்கி, சில நாளைக்கு ஒரு சொட்டா ஏத்துங்கன்னு எச்சரிச்சார். தண்ணியில கரையாததால ஊசியும் போட முடியல. அதே சமயத்துல 1899-இல் ஆஸ்பிரின் வந்துச்சு, 1920-களில் எர்கோடமைன் வந்துச்சு. அளவு மாறாத மாத்திரை கையில இருக்கும்போது டாக்டர் எதை எழுதுவார்?

அந்தப் பழைய நோய் இன்னும் தீரலைங்கிறதுதான் வேடிக்கை. 2017-இல் அமெரிக்காவுல ஆன்லைன்ல விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதிச்சாங்க. லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. 18 பொருள்ல டிஎச்சி இருந்துச்சு. 1890-லயும் சரி, 2017-லயும் சரி, பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு குடிக்கிறவனுக்குத் தெரியல.

இப்போ ஆய்வு என்ன சொல்லுது?

சிபிடி வெத்து வேட்டு இல்ல. சுத்திகரிச்ச சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ரெண்டு அரிய வகைக் குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு அனுமதிச்சது. அது உண்மையான வெற்றி. ஆனா அது வலிப்புக்கு.

ஒற்றைத் தலைவலிக்கு? சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல 92 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. வலி வந்ததும் ஆவியா இழுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு: டிஎச்சி, சிபிடி, ரெண்டும் கலந்தது, இல்ல மருந்தே இல்லாத போலி. எது எதுன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, கலவை போலியைவிட நல்லா வேலை செஞ்சிருந்துச்சு. சிபிடி மட்டும் தனியா, போலியை ஜெயிக்கல.

இன்னொரு விஷயம். போலியை இழுத்தவங்கள்லயும் பாதிக்குக் கிட்டத்தட்ட பேருக்கு வலி குறைஞ்சிருந்துச்சு. ஒற்றைத் தலைவலியோட குணமே அது: தானா வரும், தானா போகும், நம்பிக்கைக்கும் கொஞ்சம் இறங்கும். பாட்டிலுக்குக் கீழே இருக்கிற அஞ்சு ஸ்டார் ரிவ்யூக்கள் பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. அவங்களுக்கு நிஜமாவே குறைஞ்சிருக்கும். எதனால குறைஞ்சதுன்னு அவங்களால சொல்ல முடியாது. ஆஸ்லராலயும் முடிஞ்சிருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க அவர்கிட்ட போலி மருந்து இல்ல. தினமும் ரெண்டு சொட்டு ஆயில் எடுத்தா வலி வராம தடுக்குமாங்கிறது வேற கேள்வி, அதுக்கு இந்த ஆய்வு பதில் இல்ல.

நம்ம நாட்டுச் சட்டத்தையும் சொல்லிடறேன். 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்துல பூவும் பிசினும் குற்றம். தனியா இருக்கிற இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. அந்தச் சந்துலதான் இங்கே இந்த பாட்டில்கள் "விஜயா"ங்கிற ஆயுர்வேதப் பேர்ல, இலைச் சாறா வருது. இலையிலயும் ரெண்டு சேர்மமும் இருக்கலாம்.

கடைசியில நான் என்ன பண்ணினேன்? பாட்டில் பேரை எழுதிக்கிட்டு என் நரம்பியல் டாக்டர்கிட்ட போனேன். அவங்க சிரிக்கல. "தம்பி, தினமும் நீங்க எடுக்கிற மாத்திரை எது?"ன்னு மட்டும் கேட்டாங்க. வால்ப்ரோயேட். வலிப்புக்கும் கொடுப்பாங்க, ஒற்றைத் தலைவலி தடுப்புக்கும் கொடுப்பாங்க. அதோட சிபிடி சேர்ந்தா கல்லீரல் பாதிக்கிற வாய்ப்பு கூடும்னு எபிடியோலெக்ஸ் ஆய்வுகள்லயே வந்திருக்கு. விளம்பரத்துல ராணி இருந்தாங்க, கல்லீரல் இல்ல.

கார்ட்லேர்ந்து எடுத்துட்டேன். மூணு வருஷம் கழிச்சு நல்ல ஆய்வு வந்து, எந்த பாட்டில், எவ்வளவு அளவு, யாருக்குன்னு தெளிவா சொன்னா, முதல் ஆளா நான் வாங்குவேன். வலி எனக்குத்தானே. ஆனா அதுவரைக்கும், வலியில இருக்கிறவங்ககிட்ட யாராவது வரலாற்றைக் காட்டி எதையாவது விற்க வந்தா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: அன்னைக்குக் கொடுத்ததும் இன்னைக்குக் கொடுக்கிறதும் ஒரே பொருளா?

உங்க வீட்டுல யாராவது இருட்டு ரூம்ல படுத்திருந்தா, காபி வேணுமான்னு கேட்காதீங்க. கதவை மெதுவாச் சாத்திட்டு வாங்க, அது போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.