காட்சியும் உரையும்: கரிசல் வட்டாரத்தில் தொலைக்காட்சிச் செய்தியின் மதிப்பு தேய்ந்த வரலாறு

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையை விட்டு உள்ளே இறங்கும் சிற்றூர் ஒன்றில், சென்ற கோடையில், வேப்பமரத்துக்கும் கல்தூணுக்கும் இடையே இழுத்துக் கட்டியிருந்த துணிக்கொடி ஒன்றைக் கண்டேன். கயிறு என்று எண்ணித் தொட்டுப் பார்த்தபோது அது கருநிறக் கேபிள் வயராக இருந்தது. பல ஆண்டுகள் உலகத்துச் சமாசாரங்களையெல்லாம் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த கம்பி, ஈர வேட்டியையும் சேலையையும் சுமந்துகொண்டு வெயிலில் தொய்ந்து கிடந்தது; செட்டாப் பாக்ஸ் சுவர்மாடத்தில் கரிசல் புழுதி படிந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் காரணம் கேட்டேன். "மாசாமாசம் துட்டையும் குடுத்துட்டு, அவனுக போடுற சண்டையையும் பாக்கணுமாய்யா?" என்றார். செலவு, அவநம்பிக்கை என்ற இரண்டு காரணங்களும் அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றாகவே பிணைந்து வந்தன. அவ்விரண்டும் இம்மண்ணில் எவ்வாறு வந்து கூடின என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரணைக்கு நம் தருக்க நூல்களிலிருந்தே ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அறிவு வந்து சேரும் வழிகளுள் தலையாயவையாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்த நூல்கள் கூறும். கண்ணால் கண்டது காட்சி; கண்டதைக்கொண்டு ஊகித்தது கருதல்; நம்பத் தகுந்தவன் சொல்லக் கேட்டது உரை. உரையை ஏற்பதற்குச் சொல்லுகிறவன் ஆப்தனாக, அதாவது பொய் சொல்ல முகாந்தரம் இல்லாதவனாக, இருக்க வேண்டும் என்பது நியதி. பத்திரிகையும் வானொலியும் ஐயத்துக்கு இடமின்றி உரையைச் சேர்ந்தவை. தொலைக்காட்சியோ, யாரோ ஒருவர் தேர்ந்து, வெட்டி, ஒட்டி, விளக்கம் சேர்த்து அனுப்பும் உரையாக இருந்தும், கண்ணெதிரே நிகழ்வது போன்ற தோற்றத்தால் காட்சியின் மதிப்பைப் பெற்றுக்கொண்டது. அந்த மதிப்பு எப்போது போயிற்று என்பதே கேள்வி.

தொலைக்காட்சிக்கு முந்திய காலத்தில் கரிசல் ஜனங்கள் செய்தியைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் உடையவர்களாகவே இருந்தார்கள். தேநீர்க் கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறிந்தவரும் அறியாதவரும் சுற்றியிருந்து கேட்டு, "இது எந்தக் கட்சிப் பேப்பர்?" என்று ஒருவர் வினவ, "நம்ம சந்தையில வெல அப்பிடி இல்லையே" என்று மற்றொருவர் மறுக்க, பருத்தி விலை முதல் மந்திரிசபை வரை எல்லாம் பலர் வாயில் அரைபட்டு அதன் பிறகே செய்தியாக நிலைபெறும். 1939-ல் திருச்சியிலும் 1963-ல் திருநெல்வேலியிலும் வானொலி நிலையங்கள் தோன்றியபின், பஞ்சாயத்து ரேடியோவின் அடியிலும் இதே சபை கூடிற்று. அரசாங்கத்தின் குரலை மரியாதையோடு கேட்டார்கள். ஆனால் இரவில் சிற்றலையைத் திருகி, 1941 முதல் லண்டனிலிருந்து ஒலித்துவந்த பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பையும் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டார்கள். 1984 அக்டோபர் 31-ஆம் நாள் காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அந்நிய நாட்டு வானொலி அவர் இறந்த செய்தியைப் பகலிலேயே சொல்லிவிட, ஆகாசவாணி மாலையில்தான் அதை அறிவித்தது. அரசாங்கச் செய்தியைத் தனியே நம்பலாகாது என்ற அபிப்பிராயத்தை அந்த ஒரு பகற்பொழுது நாடெங்கும் ஊன்றிவிட்டது எனலாம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியதாயினும் தென்மாவட்டங்களை அது நெடுநாள் எட்டவில்லை. உயரமான ஆன்டெனா நட்டவர்கள் 1982-ல் தோன்றிய இலங்கை ரூபவாஹினியைப் புள்ளியும் கோடுமாகப் பார்த்தார்கள்; எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பின்னரே தூர்தர்ஷன் இங்கே தெளிந்தது. அதுவும் அரசாங்கத்தின் குரலே. ஆகவே 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கி, கேபிள்காரர்கள் மின்கம்பத்திலும் வேம்பிலும் வயர் இழுத்துத் தெருத்தெருவாக வந்தபோது, தனியார் தொலைக்காட்சியை ஜனங்கள் ஒரு விடுதலையாகவே வரவேற்றார்கள். அரசாங்கம் மறைப்பதை இவர்கள் காட்டுவார்கள் என்பதே அந்த வரவேற்பின் உட்பொருள். பிற்காலத்தில் உண்டான ஏமாற்றத்தின் ஆழத்தை அறிய, அந்தத் தொடக்க நம்பிக்கையின் அளவை மறவாதிருக்க வேண்டும்.

முதல் விரிசல் 2001 ஜூன் 30-ல் விழுந்தது. நள்ளிரவு கடந்த வேளையில் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட நிகழ்ச்சியை அவருடைய உறவினர்களின் சன் டிவி இடைவிடாது திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஆளுங்கட்சிச் சார்பான ஜெயா டிவி அதே நிகழ்ச்சியை வேறொரு கோணத்தில், வேறொரு பொருள் தோன்றக் காட்டியது. இரவு ஒன்று, வீடு ஒன்று, மனிதர் ஒருவர். காட்சி மட்டும் இரண்டு! யார் காட்டியது உண்மை என்ற வழக்குக்குள் நான் புகவில்லை. படமும் ஒருவர் சொல்லும் உரையே என்பதைத் தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமமும் அன்று கற்றுக்கொண்டது என்பதே இவ்வாராய்ச்சிக்கு முக்கியம். பழைய கேள்வி உடனே புது உருவத்தில் திரும்பி வந்தது: "எந்த டிவில சொன்னான்?"

அதன் பின் நிகழ்ந்தவை கம்பியைக் கைப்பற்றும் போராட்டங்கள். பெரிய கேபிள் நிறுவனங்களை அரசு எடுத்துக்கொள்வதற்கான மசோதா 2006 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. அவ்வாண்டிலேயே ஆட்சி மாறி, இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2007 மே 9-ல் தினகரன் ஏட்டின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் மூவர் மாண்ட துயரத்தையும், சன் டிவி, தினகரன் உடைமையாளரான உறவினர்களுக்கும் ஆட்சியிலிருந்த கருணாநிதி குடும்பத்துக்கும் உண்டான பிளவையடுத்துச் செப்டம்பரில் கலைஞர் டிவி தோன்றியதையும், அக்டோபரில் அரசு கேபிள் கழகம் அமைந்ததையும், கௌரவர் பாண்டவர் கதையைக் கேட்பது போலவே ஜனங்கள் கேட்டார்கள். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குப் புத்துயிர் பெற்றது. ஆனால் எந்தச் சானல் எந்த எண்ணில் வரவேண்டும் என்பதை ஆட்சியே தீர்மானிக்கும் நிலையும் அதனோடு வந்தது. மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்புத் துறையில் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-லும், பெருநிறுவனங்கள் ஊடகங்களை உடைமையாக்கிக் கொள்வதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2014-லும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் ஏட்டிலேயே தங்கின.

கட்சிச் சானல்களில் சலித்த மனத்துக்குப் புதிய தலைமுறை முதலிய தனிச் செய்திச் சானல்கள் 2011 முதல் ஆறுதலாக வந்தன. ஆனால் இவற்றின் பின்னால் கல்வி வியாபாரமும், கனிமத் தொழிலும், தேசிய அளவிலான பெரு முதலாளிகளும் நின்றார்கள். கட்சிக்காரனின் சார்பை எளிதில் கண்டுகொள்ளலாம். அவன் கொடியோடு வருகிறான். கம்பெனியின் சார்போ, எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில் ஒளிந்திருக்கும். மானாவாரி உளுந்து பூப்பருவத்தில் மழையின்றிக் கருகியதும், தீப்பெட்டிப் பட்டறைகளில் வேலை அற்றுப்போனதும், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இரையும் இரவு விவாதங்களில் எத்தனை முறை இடம் பெற்றன? பார்வையாளர் கணக்கில் மோசடி என்ற வழக்கு 2020-ல் பம்பாயில் எழுந்து, செய்திச் சானல்களின் வாராந்தரக் கணக்கு வெளியீடே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த இரைச்சல் எதற்காக என்பது அப்போது நன்கு விளங்கிற்று.

ஆயினும் இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தாருக்கு நிர்ணயமான நாள் 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் உயிரிழந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து அந்நகரம் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. உறவினரோ, சம்பந்தியோ, படிக்கப் போன பிள்ளையோ அங்கே இல்லாத குடும்பம் இங்கே அரிது. ஆகவே கூட்டத்துக்குள்ளிருந்து நேரே வந்த சொல்லையும், கைப்பேசியில் எடுத்த படத்தையும் ஒரு பக்கம் வைத்து, வன்முறையாளர் யார் என்று அறைக்குள் உட்கார்ந்து விவாதித்தவர்களின் பேச்சை மறுபக்கம் வைத்து நிறுத்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. வாழ்வில் முதன்முறையாக ஒரு பெருஞ்செய்தியில் காட்சி அவர்கள் கையிலும், உரை மட்டும் தொலைக்காட்சியிடமும் இருந்தன. மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது, அறைக்குள்ளிருந்து வந்த பேச்சின்மேல் எழுந்த ஐயத்தை வளர்க்கவே செய்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, காவல்துறையினர் 17 பேரைப் பொறுப்பாக்கியபோது, "இத நாங்க அன்னைக்கே சொன்னோம்ல" என்று ஒரு முதியவர் என்னிடம் கூறிய குரலில் மகிழ்ச்சி சிறிதும் இல்லை.

நம்பிக்கை போன இடத்தில் கணக்கு வந்து நின்றது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில், அடிப்படைக் கட்டணம் மட்டும் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டணச் சானல்களுக்குத் தனிப் பணம். 70 ரூபாய்க்குப் பார்த்தவருக்கு இது பாரமாயிற்று. 2016-ல் ஜியோவின் மலிவு இணையம் வந்தபின் கையிலிருந்த போனிலேயே படமும் பாட்டும் கிடைத்தன. 2022 நவம்பரில் தொழில்நுட்ப நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் அரசு கேபிள் பெட்டிகள் பல லட்சம் ஒரே நாளில் இருண்டன. சரியாகும் வரை காத்திருந்தவர்கள் உண்டு, காத்திராமல் பெட்டியை மாடத்தில் வைத்துவிட்டவர்களும் உண்டு. அவநம்பிக்கை ஒன்றே கேபிளை அறுத்தது என்று நான் வாதிக்கவில்லை. பணம் மிச்சமாகும் என்ற எண்ணம் கத்தியை எடுத்துக் கொடுத்தது. அறுக்கும்போது கை நடுங்காதிருந்ததற்கு அவநம்பிக்கை காரணம்.

கைப்பேசியைக் காட்சியளவை என்று கொண்டாடுவோர்க்கு ஒரு செய்தியை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். தூத்துக்குடியின் உண்மையைப் போன் சுமந்துவந்த அதே 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். தேநீர்க் கடையில் ஒரு செய்தியை மறுக்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தான். கேபிள் அந்தச் சபையைக் குடும்பமாகச் சுருக்கியது. போன் குடும்பத்தையும் கலைத்து ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்துவிட்டது.

கொடியில் துணி காய்ந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில், நாலுமுக்குத் தேநீர்க் கடையில் சற்று நின்றேன். பெஞ்சில் இரண்டு நாளேடுகள் பக்கம் பிரிந்து கிடந்தன. இளைஞன் ஒருவன் போனை நீட்டி எதையோ காட்ட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்த கிழவர், படம் முடிவதற்குள்ளாகவே கேட்டார்: "யாரு எடுத்ததுடா இது?"