வெயில் நாட்டில் வெயில் பெறாத உடல்கள்

வெயில் மிகுந்த நாட்டில் வைட்டமின் டி குறைபாடு இராது என்னும் எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானில் பணியாற்றிய மிஷனரி மருத்துவர் தியோபால்ட் பாம், பல நாட்டு மருத்துவர்களிடம் செய்தி திரட்டி, ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய்க்கு வெயிலின்மையே காரணம் என 1890இல் எழுதினார். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதா விளக்கொளியால் அந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார்.

இந்தியச் சான்றுகள் இக்கருத்தை உறுதி செய்தன. கூடவே அதைத் திருத்தவும் செய்தன. நாசிக் பகுதியை ஆராய்ந்த ஹட்சிசன், ஷா ஆகியோரின் கட்டுரை 1922இல் வெளிவந்தது. நல்லுணவு உண்டும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வசதியான குடும்பத்துப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் நோய் இருந்தது. குறையுணவு உண்டு வெளியில் உழைத்த ஏழைகளிடம் அது காணப்படவில்லை. காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வான், பர்தா முறைக்கும் பேறுகால இன்னலுக்கும் உள்ள தொடர்பை 1928இல் நூலாக எழுதினார். எலும்பு மென்மையுற்று இடுப்புக்கூடு குறுகும்போது பேறு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகிறது. ஆகவே நாட்டில் வெயில் உண்டா என்பதைவிட, அது யார் உடலில் படுகிறது என்பதே முதன்மையான வினா.

இவ்வினாவை இடுக்கியின் சக்குபள்ளம் போன்ற ஏலமலை ஊர்களில் வைத்துப் பார்த்தால், நாசிக் ஆய்வு பகுத்த இரு பிரிவுகளும் போதாமல் போகின்றன. ஏலச்செடி மரநிழலில் வளர்வது. அதில் களையெடுப்போரும் காய் பறிப்போரும் நாள் முழுதும் அந்நிழலிலேயே நிற்கின்றனர். பருவமழைக் காலத்தில் மேகமும் மூடுபனியும் சேர்கின்றன. ஆகவே வெளிவேலை செய்பவர் வெயில் பெற்றவர் என்று இங்கே தானாகக் கொள்ள இயலாது.

நெடுங்கால உடல்நலம் பற்றிய கூற்றுகளிலும் இதே நிதானம் தேவை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. வைட்டமின் டி மாத்திரை புற்றுநோயையோ இதயநோயையோ வருவதைக் குறைத்ததாக அவை காட்டவில்லை. அதற்காகக் குறைபாட்டைப் புறக்கணித்துவிடலாகாது. அவ்வாய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் போதிய அளவு வைட்டமின் டி உடையவர்கள். கடுங்குறைபாட்டால் எலும்பு நலிவோரின் நிலை வேறு. ஏலத்தோட்டத் தொழிலாளர் இவ்விரண்டில் எந்த நிலையில் உள்ளனர் என்பதை அவர்தம் இரத்த அளவைச் சோதித்தே சொல்ல முடியும். ஊரின் வெயிலைக் கொண்டு கணிப்பது முறையன்று.