மருந்தாளரின் பணியும் நோயாளரின் பாதுகாப்பும்

வைத்தியர் நோயைச் சரியாகக் கண்டறிந்து, அதற்குரிய மருந்தையும் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் சிகிச்சையின் பெரும்பகுதி முடிந்துவிட்டதாகவே எம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் சிட்டையில் எழுதப்பட்ட மருந்துக்கும் நோயாளி உண்மையில் உட்கொள்ளும் மருந்துக்கும் இடையே இன்னும் பல படிகள் உள்ளன. சிட்டையை வாசித்தல், மருந்தைத் தெரிந்தெடுத்தல், அளவைச் சரிபார்த்தல், உறையில் எழுதுதல், நோயாளிக்கு விளக்கிக் கூறுதல் ஆகிய இப்படிகள் யாவும் மருந்தாளரின் பொறுப்பிலேயே உள்ளன. முந்திய படிகளில் நேர்ந்த தவறொன்று நோயாளியின் உடலைச் சென்றடையுமுன் அதனைத் தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி அலுவலரும் அவரே. எமது நாட்டின் சுகாதாரத்துறை பற்றிய விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுபவரும் அவரே என்பது கவலைக்குரியதாகும்.

மருந்துத் தவறுகள் எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2017 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'தீங்கற்ற மருந்துப் பாவனை' என்னும் கருப்பொருளில் உலகளாவிய திட்டமொன்றை ஆரம்பித்தது. தவிர்க்கக்கூடிய பாரதூரமான மருந்துப் பாதிப்புகளை ஐந்து வருடங்களில் அரைவாசியாகக் குறைப்பதே அதன் இலக்காக இருந்தது. மருந்துத் தவறுகளால் உலகுக்கு வருடாந்தம் ஏற்படும் செலவு 4,200 கோடி அமெரிக்க டொலர் என அந்நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. 2022 செப்டெம்பர் 17 ஆம் திகதி அனுஷ்டிக்கப்பட்ட உலக நோயாளர் பாதுகாப்புத் தினமும் இதே விடயத்துக்கே ஒதுக்கப்பட்டது.

அதே 2022 ஆம் ஆண்டில் இலங்கை வேறொரு துயரத்தில் ஆழ்ந்திருந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து போனதால் மருந்து இறக்குமதி தடைப்பட்டது. பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் மார்ச் மாத இறுதியில் இடைநிறுத்தப்பட்டன. மறு வருடம் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்து கொண்டவர்கள், அதன் பின்னர் வழங்கப்பட்ட கண்சொட்டு மருந்தினால் பாதிக்கப்பட்ட செய்தி நாட்டையே அதிர வைத்தது. இவற்றின் பயனாக மருந்தின் தட்டுப்பாடும் மருந்தின் தரமும் பாராளுமன்றத்திலும் ஊடகங்களிலும் விரிவாகப் பேசப்பட்டன. அது அவசியமானதே. ஆயினும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் தரமான மருந்தும் தவறான ஆளுக்கு, தவறான அளவில் வழங்கப்படுமாயின் நஞ்சாகிவிடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பெயர்களால் நேரும் விபரீதம்

மருந்துத் தவறுகளுக்குப் பொதுவான காரணங்களில் ஒன்று பெயர்க் குழப்பமாகும். கார்பமசெபின் வலிப்பு நோய்க்குரியது. கார்பிமசோல் தைரொயிட் சுரப்பியின் மிகைத் தொழிற்பாட்டுக்குரியது. அம்லோடிபின் குருதி அமுக்கத்தைக் குறைப்பது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுவது. அவசரத்தில் கிறுக்கப்பட்ட ஒரு சிட்டையில் இவற்றைப் பிரித்தறிவது அனுபவமிக்கவருக்கும் எளிதன்று. நோயாளியின் வயது, நோய், அவர் ஏற்கெனவே பாவிக்கும் மருந்துகள் ஆகியவற்றை நோக்கி, 'இவருக்கு இது பொருந்துமா' என வினவும் பயிற்சி பெற்றவரே இதில் தடுமாறாமல் இருக்க முடியும். சந்தேகம் எழும்போது வைத்தியரைத் தொடர்பு கொண்டு கேட்பது மருந்தாளரின் கடமை. அவ்வாறு கேட்பதைத் தமது அறிவின் மீதான சந்தேகமாகக் கருதும் மனப்பான்மை வைத்தியர்கள் சிலரிடம் இன்றும் உண்டு. இந்த மனப்பான்மை நீங்காதவரை, கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகும்.

பெயர்க் குழப்பத்தின் மறுபக்கம் வர்த்தகப் பெயர்களாகும். ஒரே மருந்து பல கம்பனிகளால் பல பெயர்களில் விற்கப்படுகின்றது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் லொசார்டன் குளிசை பெறும் ஒருவர், பின்னர் தனியார் வைத்தியரிடம் சென்று அதே மருந்தை வேறொரு வர்த்தகப் பெயரில் பெற்றுக்கொள்கிறார். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என நம்பி இரண்டையும் விழுங்குகிறார். குருதி அமுக்கம் அளவுக்கு மீறி வீழ்ச்சியடைந்து அவர் மயங்கி விழும்போது காரணம் எவருக்கும் விளங்குவதில்லை.

இந்த ஆபத்தை அரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தவர் எமது நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் சேனக்க பிபிலே ஆவார். வைத்திய கலாநிதி எஸ்.ஏ.விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் அவர் சமர்ப்பித்த அறிக்கை, அத்தியாவசிய மருந்துகளை அவற்றின் மூலப் பெயரில் இறக்குமதி செய்து வழங்கும் கொள்கைக்கு வழிவகுத்தது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும், பிபிலே அதன் முதலாவது தலைவரானதும் அக்காலத்திலேயே. 1977 இல் அவர் காலமானார். அவரது கொள்கையைச் சட்டமாக்க வேண்டுமென்ற கோரிக்கை பல தசாப்தங்கள் கடந்து, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமாக நிறைவேறியது. மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென்பதை இச்சட்டமும் வலியுறுத்துகின்றது. மூலப் பெயர் பற்றிய விவாதம் எம்மிடையே பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகின்றது. அது நோயாளியின் உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையது என்பது போதியளவு உணரப்படவில்லை.

காகித உறையும் நோயாளியின் மொழியும்

அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் குளிசைகள் பெரும்பாலும் உதிரியாக எண்ணப்பட்டு, சிறிய காகித உறைகளில் வழங்கப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். அந்த உறையில் என்ன எழுதப்படுகின்றது என்பதே நோயாளிக்குக் கிடைக்கும் ஒரேயொரு வழிகாட்டல். மருந்தின் பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும் இல்லாமல், '1×2' அல்லது '1×3' என்ற இலக்கங்களோடு மாத்திரம் வழங்கப்படும் உறைகள் பல. நீண்ட வரிசையில் நிற்கும் நோயாளருக்கு மத்தியில், ஒருவருக்கு ஓரிரு நிமிடங்களைக் கூட ஒதுக்க முடியாத நிலையில் பணியாற்றும் மருந்தாளரை மட்டும் இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. ஆயினும் விளைவை அனுபவிப்பவர் நோயாளியே.

மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் மெதொட்ரெக்சேட் குளிசையை இங்கு உதாரணமாகக் கொள்ளலாம். இது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டியது. இதனைத் தினமும் உட்கொண்டதால் என்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உள்ளனர். அவ்வாறே குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தைப் பாவிப்பவர், உடல்வலிக்கென டைக்குளோபெனக் குளிசையை வாங்கிப் போட்டுக்கொண்டால் உட்குருதிப் பெருக்கு ஏற்படக்கூடும். இத்தகைய எச்சரிக்கைகளை வெறும் இலக்கங்களால் உணர்த்த முடியாது. அவை வாக்கியங்களாக, நோயாளிக்கு விளங்கும் மொழியில் கூறப்பட வேண்டும்.

இங்குதான் தமிழ் பேசும் மக்களின் பிரச்சினை வந்து சேர்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. எனினும் தோட்டப் பகுதியிலிருந்து நகர வைத்தியசாலைக்கு வரும் ஒரு முதிய தாயும், வடக்கு கிழக்கிலிருந்து மேலதிக சிகிச்சைக்காகக் கொழும்புக்குச் செல்லும் ஒரு நோயாளியும், தமக்கு விளங்காத மொழியில் கூறப்படும் அறிவுறுத்தலுக்குத் தலையாட்டிவிட்டு வருவதே இன்றும் நடைமுறையாக உள்ளது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சிகிச்சை பெற நேரும் சிங்கள நோயாளி ஒருவருக்கும் இதே இக்கட்டு ஏற்படலாம். ஏனைய அலுவலகங்களில் மொழி விளங்காவிட்டால் ஒரு படிவம் பிழைக்கும். மருந்தகத்தில் மொழி விளங்காவிட்டால் ஓர் உயிருக்கே ஆபத்து நேரலாம். மொழியுரிமை பற்றிப் பேசுவோர் மருந்து உறையையும் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

மருந்தாளர் இல்லாத மருந்தகங்கள்

தனியார் மருந்தகங்களின் நிலை வேறு வகையானது. பதிவு செய்யப்பட்ட மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையிலேயே மருந்து வழங்கப்பட வேண்டுமெனச் சட்டம் எதிர்பார்க்கின்றது. ஆனால் அனுமதிப்பத்திரத்தில் மருந்தாளரின் பெயர் இருக்க, விற்பனை மேசைக்குப் பின்னால் பயிற்சியற்ற உதவியாளர்களே நிற்கின்றனர் என்ற குற்றச்சாட்டு நீண்டகாலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றது. உரிமையாளர்கள் மருந்தாளர்களுக்குத் தட்டுப்பாடு நிலவுவதாகக் கூறுகின்றனர். மருந்தாளர்களோ தகுதிக்கேற்ற சம்பளம் வழங்கப்படுவதில்லை என்கின்றனர். இரு தரப்பினரின் கூற்றிலும் உண்மை உண்டு. பொருளாதார நெருக்கடியின் பின்னர் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டு வெளியேறியமை இந்நிலையை மேலும் சிக்கலாக்கியுள்ளது.

இதன் விளைவு காய்ச்சல் காலங்களில் வெளிப்படுகின்றது. 2017 ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவான நாடு இது. டெங்குக் காய்ச்சலின்போது பரசிட்டமோல் தவிர்ந்த அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் போன்ற வலிநிவாரணிகள் குருதிப் பெருக்கு அபாயத்தை அதிகரிக்கும் என வைத்தியர்கள் மீண்டும் மீண்டும் எச்சரிக்கின்றனர். 'காய்ச்சல் உடனே இறங்க ஏதாவது தாருங்கள்' எனக் கேட்டு வருபவருக்கு இவற்றில் ஒன்றை எடுத்து நீட்டுபவர் பயிற்சியற்ற விற்பனையாளர். எத்தனை நாட்களாகக் காய்ச்சல் எனக் கேட்டு, குருதிப் பரிசோதனைக்கு அனுப்பி வைப்பவர் மருந்தாளர். சிட்டையின்றி நான்கு அன்ரிபயோட்டிக் குளிசைகளை விற்பதும் இவ்வாறானதே. அதனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத வலிமை பெறுகின்றன. நாளை உண்மையாகவே தேவைப்படும்போது அம்மருந்து பயனற்றுப் போகின்றது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மருந்து உறை சீரமைக்கப்பட வேண்டும். மருந்தின் மூலப் பெயர், அளவு, எடுக்க வேண்டிய நேரம், உணவுக்கு முன்னரா பின்னரா என்பன தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே அச்சிடப்பட்டு, உரியதை அடையாளமிட்டுக் கொடுக்கும் முறை பெருஞ்செலவை வேண்டுவதன்று. எழுத வாசிக்கத் தெரியாதோருக்காகச் சூரியன், சந்திரன் படங்களை அச்சிடலாம்.

இரண்டாவதாக, மருந்தாளர்கள் மருந்தகச் சாளரத்துக்குப் பின்னால் மட்டும் முடக்கப்படாது நோயாளர் விடுதிகளிலும் பணியமர்த்தப்பட வேண்டும். ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் இவ்வாறு மருந்தாளர்களை விடுதியில் ஈடுபடுத்தி நடத்தப்பட்ட ஆய்வொன்று, நோயாளர் மீண்டும் அனுமதிக்கப்படுவது குறைந்ததைக் காட்டியது. அதன் முடிவுகள் 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியாகின. யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களிலிருந்து மருந்தாளர் பட்டதாரிகள் வெளியேறி வருகின்ற இக்காலத்தில், அவர்களுக்குரிய பதவிகளை உருவாக்காதிருப்பது பொதுப் பணத்தை விரயமாக்குவதாகும்.

மூன்றாவதாக, தவறுகளை அச்சமின்றி அறிவிக்கும் முறை தேவை. தவறை வெளியிடுபவர் உடனடியாகத் தண்டிக்கப்படுவாராயின் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மீண்டும் நிகழும். வேண்டுமென்றே செய்த குற்றத்தையும் வேலைப்பளுவினால் நேர்ந்த தவறையும் வேறுபடுத்தி நோக்கும் பக்குவம் நிர்வாகத்துக்கு வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. தாம் பாவிக்கும் அனைத்து மருந்துகளின் பெயர்களையும், தமக்கு ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அமொக்சிசிலினும் ஆபத்தானது என்பதை அத்தாள் மருந்தாளருக்கு நினைவூட்டும். குழந்தைகளுக்குரிய பாணி மருந்தைச் சமையலறைக் கரண்டியால் அளக்காமல் மில்லிலீற்றர் குறியிட்ட அளவியால் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளங்காததை மீண்டும் கேட்க வேண்டும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

புதிய கட்டடங்களையும் விலையுயர்ந்த இயந்திரங்களையும் திறந்து வைப்பதில் எமது ஆட்சியாளர்கள் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியேனும் மருந்தகச் சாளரத்தின் மீது திரும்புமாயின், அங்கு நிற்கும் மருந்தாளருக்குப் போதிய நேரமும் துணையாளரும் கிடைக்கும். சாளரத்தின் மறுபுறம் நிற்கும் நோயாளிக்குத் தனது கையிலுள்ளது என்ன மருந்து என்பது விளங்கும். இலவச சுகாதார சேவையைப் பெருமையோடு பேணிவரும் ஒரு நாட்டிடம் மக்கள் எதிர்பார்ப்பது இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பையே. சுகாதார அமைச்சும் சம்பந்தப்பட்ட ஏனைய தரப்பினரும் இதில் மேலும் காலந்தாழ்த்தலாகாது.