கரிசலுக்கு வந்த எத்தன்: சிவகாசிச் சித்திரக்கதைகளில் வில்லன் நாயகனான வரலாறு

தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய நாயகர்களில் மூவர் குற்றவாளிகளாகவே அறிமுகமாகின்றனர். இரும்புக்கை மாயாவி வங்கியைக் கொள்ளையடித்தவன். மாடஸ்டி ஒரு குற்றக் கும்பலுக்குத் தலைவியாக இருந்தவள். ஸ்பைடரோ உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டுமென்ற ஒரே வெறியோடு வந்தவன். மூவரையும் தமிழுக்குக் கொண்டுவந்தது சிவகாசி. இந்தத் தேர்வைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி மூன்றும் மானாவாரிக் கரிசல் மண். மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இந்த வறட்சியில்தான் வேர் பிடித்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள்களிலும் காலண்டர்களிலும் கை பழகிய ஊர், படத்தால் கதை சொல்லும் புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

1972இல் மு.சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். மூலக்கதை 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழக்கிறான். பொருத்தப்பட்ட உலோகக் கையைத் தவிர, மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துவிடுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அவன் முதலில் செய்தவை குற்றங்களே. உளவாளியாக நிழல்படையில் சேர்வதெல்லாம் பிற்பாடு.

சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழ் மாடஸ்டிக்குப் போனது. ஆனால் லயனை நிலைநிறுத்தியவன் ஸ்பைடர் என்பதே என் கணிப்பு. ‘எத்தனுக்கு எத்தன்’ வழியாக அவன் தமிழுக்கு வந்தான். கூரிய காதுகள், உச்சியில் குவிந்த முடி, உடலோடு ஒட்டிய கறுப்பு உடை, கையில் வலைத்துப்பாக்கி. பூட்டு உடைப்பதில் வல்லவன் ராய் ஆர்டினியையும் கருவிகள் செய்யும் பேராசிரியர் பெல்ஹாமையும் மிரட்டிக் கூட்டாளிகளாக்கிக்கொள்கிறான். அவர்கள் அவனை நம்புவதில்லை. அவனும் அவர்களை நம்புவதில்லை. துப்பறிவாளர்கள் கில்மோரும் டிராஸ்கும் ஒவ்வொரு முறையும் தோற்கின்றனர். கதையில் நல்லவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் நம் கண் ஸ்பைடரை விட்டு நகர்வதில்லை. ஓவியர் ரெக் பன்னின் அடர்ந்த மைக்கோடுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு.

1965இல் பிரிட்டனின் ‘லயன்’ இதழில் இத்தொடரைத் தொடங்கியவர் டெட் கோவன். அடுத்து வந்த எழுத்தாளர்தான் வரலாற்றாசிரியரை நிறுத்தி யோசிக்க வைப்பவர்: சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 130 டாலருக்குத் தம் படைப்பின் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை மீட்கப் பல்லாண்டு வழக்காடியவர் அவர். 1938இல் உலகம் அறிந்த சூப்பர்மேனுக்கு முன், 1933இல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கதையில் அதே பெயர் கொண்டவன் வில்லன்! மூன்று பத்தாண்டுகள் கழித்து இன்னொரு வில்லன் கைக்குக் கிடைத்ததும், சீகல் அவனை மெல்லமெல்ல மற்ற வில்லன்களுக்கு எதிராகத் திருப்பினார். சாதாரணக் காவலர்களை வெல்வது சலித்துப்போய், தனக்கு நிகரான எதிரியைத் தேடுகிறான் ஸ்பைடர். அதாவது, அவனைத் திருத்தியது மனசாட்சியன்று, கர்வம். தமிழில் ‘நீதிக்காவலன் ஸ்பைடர்’ என்றே ஒரு தலைப்பு வந்தது. அந்தக் காவலனிடமும் பழைய ஆணவம் குறையவில்லை.

வடிவமும் இங்கே முக்கியம். பிரிட்டன் சிறுவன் வாரத்துக்குச் சில பக்கங்களாகப் படித்ததைத் தமிழ் வாசகன் ஒரே புத்தகமாகத் தொகுத்துப் பெற்றான். குற்றத்தில் தொடங்கி முடிவு வரை ஒரே மூச்சில் படிக்கும்போது, வில்லனை வெறுக்க இடைவெளி கிடைப்பதில்லை. தொடரின் கதைகள் ‘கிங் ஆஃப் குரூக்ஸ்’ என்ற தொகுப்பாக லண்டனில் வந்தது 2005இல்தான். ரெபெல்லியன் நிறுவனத்தின் தொகுப்பு வர 2021 ஆயிற்று. ஸ்பைடரைப் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும் வழக்கத்தில் கரிசல் வாசகர்கள் மூத்தவர்கள் என்று துணிந்து சொல்லலாம்.

குற்றவாளியை அவர்கள் நாயகனாக ஏற்றதற்கு, அத்தகைய கதைகளுக்கு அவர்கள் காது முன்பே பழகியிருந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும் ஊர்ச் சட்டத்தை மீறியவர்களே தெய்வமாகின்றனர். பேராசிரியர் நா.வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையும் காத்தவராயன் கதைப்பாடலும் இதற்குச் சான்று. ஒருவன் சாதி மீறி மணந்தவன், மற்றவன் கழுவேற்றப்பட்டவன். ஸ்பைடர் அவர்களின் வழித்தோன்றல் அல்லன். அவனுடைய பேராசை அவர்களிடம் இல்லை. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் அமர்ந்து கதை கேட்பது கரிசலுக்குப் புதிதன்று.

இந்த உறவை உறுதிப்படுத்த முதற்பதிப்புகள் வேண்டும். எழுபதுகளின் சாணித்தாள் இதழ்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் தனிச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில்தான் அவை உயிரோடு இருக்கின்றன. தீப்பெட்டி லேபிளோடும் காலண்டரோடும் சேர்த்து இவற்றையும் மின்வடிவாக்கும் பணி சிவகாசியிலேயே, அச்சிட்டவர்கள் உடனிருக்கும்போதே தொடங்க வேண்டும்.