ஒரு ரப்பர் வளையமும் ஏழு உயிர்களும்!

மார்கழி மாதம். காலை ஐந்தரை மணி. வண்டலூரில் எங்கள் தெருவில் குளிர் கொஞ்சம் கூடுதல்தான். விடிகாலை அமைதியில் சமயத்தில் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கத்தின் உறுமல்கூடக் காற்றில் மிதந்து வரும். அன்றைக்குக் கேட்டது சிங்கம் இல்லை. சமையலறையிலிருந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், கூடவே குப்பென்று ஒரு நாற்றம்!

‘‘என்னங்க... ரெகுலேட்டரைத் திருப்பினதும் கேஸ் லீக் ஆகுது!’’ என்று மனைவியின் குரல். முதல் நாள் மாலைதான் மாட்டிய புது சிலிண்டர். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வெள்ளை மூடியைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். லைட் சுவிட்சைத் தொடவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கேஸ் கசிவுக்கான 1906 எண்ணை அழைத்தேன்.

வந்த இளைஞர் டார்ச் அடித்து வால்வுக்குள் பார்த்தார். ‘‘ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கு சார். அவ்ளோதான்!’’ பாக்கெட்டிலிருந்து ஒரு குட்டிக் கறுப்பு வளையத்தை எடுத்தார். பழசைக் கழற்றி, பள்ளத்தைத் துணியால் துடைத்து, புதுசை முறுக்கு விழாமல் விரலால் அழுத்தி உட்கார வைத்தார். சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ரெண்டே நிமிஷ வேலை!

சுண்டுவிரலில்கூட மாட்டாத அந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

நீல்ஸ் கிறிஸ்டென்சன் டென்மார்க்கில் 1865-ல் பிறந்தவர். 1891-ல் அமெரிக்காவுக்குப் போய், டிராம் வண்டிகளுக்கு ஏர் பிரேக் செய்வதில் பேர் வாங்கினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று மூச்சு விடுகிறதே, அந்தக் குடும்பத்து பிரேக்தான். அழுத்தத்தை உண்டாக்குவது சுலபம். கசியாமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். அந்தக் காலத்தில் இதற்குத் தோல் வாஷர்களை வைத்துப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பழைய பம்ப் ஸ்டவ் ஞாபகம் வருகிறதா? காய்ந்து சுருங்கிய தோல் வாஷரை எண்ணெய் போட்டு ஊறவைத்தால்தான் காற்று ஏறும். அதே தலைவலி!

1930-களில், அறுபது வயதைத் தாண்டிய கிறிஸ்டென்சன் தன் பட்டறையில் விடை கண்டுபிடித்தார். ஒரு ரப்பர் வளையம். அதன் தடிமனைவிடச் சற்று அகலமாக ஒரு செவ்வகப் பள்ளம். அவ்வளவே! இதில் என்ன அதிசயம் என்றால், அழுத்தம் ஏற ஏற, அது வளையத்தைத் தள்ளிக்கொண்டுபோய் இடுக்கில் இன்னும் இறுக்கமாகத் திணிக்கிறது. அதாவது, தப்பிக்கப் பார்க்கும் வாயுவே கதவைச் சாத்துகிறது! 1937-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72.

அமெரிக்க விமானப்படை இந்த வளையத்தை விமானத்தின் சக்கரப் பகுதியில் பொருத்திச் சோதித்து அசந்துபோனது. இரண்டாம் உலகப்போர் வந்ததும், ‘நாட்டுக்குத் தேவை’ என்று சொல்லி அரசாங்கமே உரிமையை எடுத்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டது. கிழவருக்குக் கிடைத்தது 75,000 டாலர். 1952-ல் அவர் இறந்து, 19 வருஷம் கழித்து, கோர்ட் மூலமாக வாரிசுகளுக்கு இன்னொரு லட்சம் டாலர்! இன்றைக்குத் தண்ணீர்க் குழாயிலிருந்து கார் வரை, இந்தியாவில் 2019-ல் தடை செய்யப்பட்ட இ-சிகரெட் உட்பட, எதைப் பிரித்தாலும் உள்ளே அவருடைய வளையம்தான்.

இனி வருவது சோகக் கதை.

1985 ஜூலை 24-ம் தேதி வண்டலூரில் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 31-ம் தேதி, அமெரிக்காவில் ரோஜர் போய்ஜாலி என்ற இன்ஜினீயர் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். விண்வெளி ஓடத்தை மேலே தூக்கிச் செல்லும் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயாகால் கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். அந்த ராக்கெட் துண்டு துண்டாகச் செய்து இணைக்கப்படுவது. இணைப்புகளில் ரப்பர் ஓ-ரிங்குகள். அந்த வருஷம் ஜனவரியில் ஒரு குளிர்நாளில் பறந்து திரும்பிய ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வளையத்தைத் தாண்டிக் கறுப்புக் கரி படிந்திருந்தது. ‘இதைக் கவனிக்காவிட்டால் உயிர்கள் போகும்’ என்பதுதான் கடிதத்தின் சாரம்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் ‘சேலஞ்சர்’ பறக்க வேண்டும். ஃபுளோரிடாவில் கடுங்குளிர். போய்ஜாலியும் சக இன்ஜினீயர்களும் தொலைபேசிக் கூட்டத்தில், ‘இந்தக் குளிரில் வேண்டாம்’ என்று மன்றாடினார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற கம்பெனி நிர்வாகம், நாசா அதிகாரிகள் முகம் சுளித்ததும் பல்டி அடித்தது!

மறுநாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். புறப்பட்ட 73-வது விநாடியில் ஓடம் வானத்திலேயே சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேரும் பலி.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன், பிப்ரவரி 11-ம் தேதி எல்லோர் முன்னாலும் ஒரு காரியம் செய்தார். அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சின்னக் கிளாம்ப்பில் இறுக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து, கிளாம்ப்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை! ராக்கெட் பற்றிய நொடியில் இணைப்பு லேசாக விரிகிறது. வளையமும் அதே வேகத்தில் விரிந்து அடைக்க வேண்டும். குளிரில் விறைத்த ரப்பரால் அது முடியவில்லை. அந்த இடுக்கு வழியே நெருப்பு புகுந்துவிட்டது.

சமையலறையில் இதே பாடத்தைக் கற்றவர்களும் உண்டு. உங்கள் பிரஷர் குக்கர் மூடியின் விளிம்பில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நீராவி அளவு மீறினால் அதன் வழியே கேஸ்கட் பிதுங்கி அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். நம்ம டி.டி.கே. பிரெஸ்டீஜ் கம்பெனி பரவலாக்கிய ஏற்பாடு இது. ‘ரப்பர் தோற்கத்தான் போகிறது, ஆபத்தில்லாத இடத்தில் தோற்கட்டும்’ என்ற புத்திசாலித்தனம்!

ஓ-ரிங் மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பள்ளம் சுத்தமாக இருக்க வேண்டும். வளையம் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஊசி, ஸ்க்ரூடிரைவர் முனை படக் கூடாது. மயிரிழைக் கீறல் போதும், கசியும். சைஸ் மட்டுமில்லை, ரப்பரின் ஜாதியும் முக்கியம். தண்ணீருக்கு நன்றாக உழைக்கும் இ.பி.டி.எம். ரப்பர், மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். சூட்டுக்கு சிலிக்கான், எண்ணெய்க்கு நைட்ரைல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு.

இப்போதெல்லாம் சிலிண்டர் வந்தால், டெலிவரி தம்பியிடம், ‘‘மூடியைத் திறந்து ரிங்கைச் செக் பண்ணிடுங்க தம்பி’’ என்கிறேன். ‘‘அவசரமா போகணும் சார்’’ என்று தலையைச் சொறிகிறார். எனக்கு போய்ஜாலி ஞாபகம் வருகிறது. அவர் அவ்வளவு எச்சரித்தும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. 2012-ல் அவர் காலமானார்.

அதனால் நான் நகர்வதில்லை. செக் பண்ணின பிறகுதான் கையெழுத்து!